தம்போய் வண்டியின் இடது இருக்கை

வண்டி இடப்பக்கம் தாழ்ந்திருப்பது முதலில் அர்ச்சுனனுக்குத்தான் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, உட்கார்ந்ததும் இடுப்புக்குத் தெரிந்தது. ஜொகூர் பாருவுக்கும் கோத்தா திங்கிக்கும் நடுவே வருஷக்கணக்காக டாக்சி ஓட்டுகிறவன் அவன். பின்னால் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள், கனத்த ஆள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்பதையெல்லாம் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவான். அன்று தம்போயில், பெர்னார்டின் பட்டறைக்குள், பெயின்ட்கூட அடிக்காத அந்தப் பந்தய வண்டியில் தனியாக உட்கார்ந்தபோது, பக்கத்தில் இன்னொரு ஆள் இருப்பது போல வண்டி இடப்பக்கம் அமுங்கியிருந்தது.

"அண்ணே, இந்தப் பக்கம் ஸ்பிரிங் எறங்கியிருக்கு."

வண்டிக்கு அடியிலிருந்து பெர்னார்ட் மல்லாந்தபடியே நகர்ந்து வெளியே வந்தார். கெம்மாஸ் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்தவர். அங்கே இடது கண்ணில் இரும்புத் துகள் தெறித்துப் பார்வை போய்விட்டது. வேலையை விட்டுவிட்டுத் தம்போயில் சொந்தப் பட்டறை போட்டு, தோட்டத்து லாரிகளையும் அன்னாசி ஆலை லாரிகளையும் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றைக் கண்காரரைப் பந்தயத்தில் ஓட்ட விடமாட்டார்கள். அதனால்தான் அர்ச்சுனனைப் பிடித்தார்.

பெர்னார்ட் அவனை இறங்கச் சொன்னார். அவன் இறங்கியதும் வண்டியின் வலப்பக்கம் மெல்ல எழுந்தது. இடப்பக்கம் அசையவில்லை.

"பழைய லாரி ஸ்பிரிங்தானே, சோர்ந்து போயிருக்கும். வேற பட்டை வச்சுக் கட்டிறலாம்லா," என்றார்.

அன்றே கட்டினார். மறுநாள் வந்து பார்த்தபோது வண்டி மறுபடியும் அதே பக்கம் தாழ்ந்து நின்றது.

அந்த வருஷம் ஜொகூர் பாருவில் பெரிய மோட்டார் பந்தயம் நடக்கப்போவதாக ஊரெல்லாம் பேச்சு. சிங்கப்பூர் வெள்ளைக்காரர்கள், ஷாங்காயில் பரிசு வாங்கிய ஒருவர், ஹாங்காங்கிலிருந்து ஒரு சீனச் சீமான் என்று எல்லோரும் கப்பலில் வண்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். இத்தாலியில் செய்தது, இங்கிலாந்தில் செய்தது, பார்த்தால் தொடவே கை கூசும் வண்டிகள். அவற்றோடு ஓட, தகரக் கூரைப் பட்டறைக்குள் தன் கையாலேயே ஒரு வண்டி செய்தார் பெர்னார்ட். லாரி சேஸிஸை அறுத்துக் குட்டையாக்கினார். உடம்புக்குத் தகரத்தை அவரே தட்டி வளைத்தார். இருக்கைகளுக்கு அவர் மனைவி வினிஃப்ரெட் கித்தான் துணி தைத்துக் கொடுத்தார். இன்ஜின் மட்டும் வெளியிலிருந்து வந்தது. சிகாமட்டில் இரும்புக்கடை நடத்திய சீன முதலாளி, தவுக்கே ஒருவரிடம் வாங்கியதாகச் சொன்னார் பெர்னார்ட். பெரிய ஆறு சிலிண்டர் இன்ஜின், ஏதோ துரை காரில் இருந்தது. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, அர்ச்சுனனும் கேட்கவில்லை.

வண்டியை முதன்முதலாகச் சடக்கில், தார் ரோட்டில், இறக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடித்துவிட்டுப் பெர்னார்டும் வினிஃப்ரெட்டும் வந்தார்கள். ஸ்கூடாய் போகிற சடக்கில் அந்த நேரத்தில் மாட்டுவண்டிகூட வராது. இந்த முனையில் கைக்கடிகாரத்தோடு பெர்னார்ட் நின்றார். அந்த முனையில், ரப்பர் மர நிழலில், கோப்பி பிளாஸ்க்கோடு வினிஃப்ரெட் காத்திருந்தார்.

அர்ச்சுனன் வண்டியை விட்டான். அப்படி ஒரு இழுப்பை அவன் அதுவரை அறிந்ததில்லை. ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி ஒட்டிக்கொண்டன. நடுவில் இடப்பக்கம் திரும்பும் வளைவு ஒன்று உண்டு. அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டுமென்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். குறைக்கவில்லை. வளைவில் வண்டியின் இடப்பக்கம் தரையைக் கவ்விப் பிடித்தது. உள்பக்கத்து ஆள் வெளியே சாய்ந்து வண்டியை அமுக்கிப் பிடித்தது போல் இருந்தது அது. அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

வண்டி நின்றதும் வினிஃப்ரெட் இரண்டு குவளைகளில் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்தார். ஒன்றை அவனிடம் நீட்டினார். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அவரு எங்க தம்பி?"

"யாருக்கா?"

"உங்க பக்கத்துல உக்காந்து வந்தாரே. குனிஞ்சுக்கிட்டே வந்தாரு. நான் மெக்கானிக் யாரையோ கூட்டிட்டு வர்றீங்கன்னு நெனச்சேன்."

அர்ச்சுனன் இடது இருக்கையைப் பார்த்தான். காலியாக இருந்தது. புதுக் கித்தான் துணியின் நடுவில் மட்டும், யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி, ஒரு குழிவு. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் ஓரத்தில் ஈரம் பரவியது. கோப்பியை அவன் ஒரே மூச்சில் குடித்தான். நாக்கு சுட்டது கூட உறைக்கவில்லை.

"வெயில்ல ஏதோ தெரிஞ்சிருக்கும்க்கா," என்றான்.

வினிஃப்ரெட் கையிலிருந்த குவளையைச் சடக்கோரத்தில் கவிழ்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு நாளுக்கு நாள் அவனுக்கு அது பழகிவிட்டது. முழங்காலில் தட்டுவதுதான் முதலில் தொடங்கியது. பின்னால் வண்டி வந்தால் இடது முழங்காலில் விரல்கள் ஒரு தடவை தட்டும். முன்னால் சடக்கு சரியில்லை என்றால் கை முழங்காலை அழுத்தும். அழுத்தினால் பிரேக் போட வேண்டும். ஒருமுறை அவன் போடவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் மரம் விழுந்து கிடந்தது. பள்ளத்தில் இறங்கி, ஏறி, எப்படியோ உயிர் பிழைத்தான். அதற்குப் பிறகு கை அழுத்தினால் கேள்வி கேட்காமல் பிரேக் போட்டான். கைக்குட்டையை நனைத்துப் போட்ட மாதிரி குளிர்ச்சியான கை. எடுத்த பிறகும் கால்சட்டையில் அந்த இடம் நெடுநேரம் காயாது. ஆற்றுச் சேற்றின் வாடை வீசும்.

பயமாக இல்லையா என்றால், இருந்தது. விடியற்காலையில் எழுந்ததும் 'இனிமேல் ஏறமாட்டேன்' என்றுதான் நினைப்பான். பிறகு வண்டியின் சத்தம் காதில் விழும், கால் தானாகப் பட்டறைப் பக்கம் நடக்கும். பிறந்ததிலிருந்து எந்த வேலையிலும் யாரும் அவனைத் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த இடது இருக்கையில் இருக்கிறவன் பக்கத்தில் இருக்கும்வரை, இந்த ஊரில் யாராலும் தன்னைப் பிடிக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

பந்தயத்துக்கு முந்தின வாரம் பயிற்சி ஓட்டம் வைத்தார்கள். கடலோரச் சடக்கில் புறப்பட்டு, குன்றின் மேல் ஏறி, ஊருக்குள் இறங்கி மறுபடியும் கடலோரம் வர வேண்டும். லாரிக்கு மீந்த பச்சைப் பெயின்ட் அடித்த தம்போய் வண்டியைப் பார்த்துச் சீமான்களின் மெக்கானிக்குகள் சிரித்தார்கள். ஓட்டம் முடிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தாலி வண்டிக்கும் ஷாங்காய்க்காரர் வண்டிக்கும் அடுத்தபடியாக மூன்றாவது வேகம் இவர்களுடையது. கூட்டத்தில் யாரோ "அலமாக்! தம்போய் வண்டி!" என்று கத்தினார்கள். பெர்னார்ட் தொப்பியை எடுத்து மேலே எறிந்துவிட்டு, அதைப் பிடிக்க மறந்து நின்றார்.

அப்போது பந்தய அதிகாரியான வெள்ளைக்காரர் ஒருவர் அவர்களிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது. பக்கத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது விதிப்படி சரிதான், ஆனால் அந்த ஆளுக்கும் தலைக்கவசம் போட வேண்டும், குன்றின் மேல் நின்றவர்கள் எல்லோரும் வெறுந்தலையோடு அவனைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள் என்றார். அவன் பெயர் என்ன என்றும் கேட்டார்.

அர்ச்சுனன் பெர்னார்டைத் திரும்பிப் பார்த்தான். பெர்னார்ட் கொஞ்சமும் தடுமாறவில்லை. "காளியப்பன்," என்றார். "அடுத்த தடவை தொப்பி போட்டுக்குவான் சார்."

பட்டறைக்குத் திரும்பியதும் அர்ச்சுனன் வண்டியை உள்ளே தள்ளிவிட்டு, கதவருகே போய் நின்றுகொண்டு கேட்டான்.

"அண்ணே. காளியப்பன் யாரு?"

பெர்னார்ட் கை துடைக்கிற துணியை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். வினிஃப்ரெட் வீட்டு வாசலிலிருந்து இறங்கி வந்து இருவருக்கும் நடுவில் நின்றார்.

"சொல்லுங்க," என்றார் கணவரைப் பார்த்து. "எனக்கும் இதுவரைக்கும் சொல்லலயே."

பெர்னார்ட் சொன்னார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்துப் பெருவெள்ளத்தின்போது சிகாமட் பக்கம் ஒரு தோட்டத்தில் காளியப்பன் என்று ஒருவன் துரைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆறு ஏறிக்கொண்டே இருந்தது. துரைக்கு அன்று எப்படியாவது ரயிலைப் பிடிக்க வேண்டும். பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, வேண்டாம் என்று காளியப்பன் சொல்லியிருக்கிறான். கொஞ்சம் தண்ணிதான், போ என்றிருக்கிறார் துரை. இரண்டு தடவை நிறுத்தியிருக்கிறான், இரண்டு தடவையும் துரை திட்டி ஓட்ட வைத்திருக்கிறார். பாலத்தின் நடுவில் கார் வெள்ளத்தோடு போய்விட்டது. துரை ஒரு மரக்கிளையைப் பிடித்துத் தொங்கிப் பிழைத்தார். வெள்ளம் வடிந்த பிறகு கார் சேற்றில் புதைந்து கிடைத்தது. காளியப்பன் கிடைக்கவே இல்லை.

"அந்தக் கார் இன்ஜின்தான் இது," என்றார் பெர்னார்ட். "தவுக்கே மூடி வச்சிருந்தாரு. யாரும் வாங்க மாட்டாங்க, ஒனக்கு வேணும்னா எடுத்துக்கன்னாரு. அவன் சம்சாரம் வெள்ளையம்மா இன்னும் அந்தத் தோட்டத்துலதான் இருக்குன்னும் சொன்னாரு. நான் நம்பலடா அர்ச்சுனா. இரும்புக்கு என்னா தெரியும்னு நெனச்சேன். ஸ்பிரிங் எறங்குன அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு."

"தெரிஞ்சும் என்னை ஏத்துனீங்க."

"நீ மட்டும் தெரியாமயா ஏறுன?"



வினிஃப்ரெட் குறுக்கிட்டார். "நாளைக்கே நான் பங்குச் சாமியாரைக் கூட்டிட்டு வர்றேன். மந்திரிச்சு, தீர்த்தம் தெளிச்சு, அந்த ஆத்துமாவை அனுப்பி வச்சிருவோம்."

"வேணாம்," என்றார் பெர்னார்ட்.

"என்னா வேணாம்?"

"பந்தயம் முடியட்டும். அதுக்கப்புறம் தெளிக்கட்டும். இப்பத் தெளிச்சா அவன் போயிருவான். அவன் போயிட்டா இந்த வண்டியில என்னா இருக்கு? லாரிச் சேஸிஸும் தகரமும்தான்."

வினிஃப்ரெட் கணவரின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "தண்ணியில போன மனுசன். அவனைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு ஒங்களுக்கு ரேஸு," என்றார். பிறகு அர்ச்சுனன் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க தம்பி, மாட்டேன்னு."

அர்ச்சுனன் குனிந்து தரையைப் பார்த்தான். மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. வினிஃப்ரெட் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பந்தயத்துக்கு அவர் வரவில்லை.

பந்தய நாளன்று கடலோரம் முழுக்க மனிதத் தலைகள். கித்தா மரத் தோட்டங்களிலிருந்து, ரப்பர்த் தோட்டங்களிலிருந்து, லாரி லாரியாக ஆட்கள் வந்திருந்தார்கள். பச்சை வண்டி வரிசைக்கு வந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து எழுந்த கூச்சலில் அர்ச்சுனனுக்கு உடம்பு சிலிர்த்தது. பெர்னார்ட் புதிதாக வாங்கிய தலைக்கவசம் ஒன்றை இடது இருக்கையில் வைத்து, வாரை இருக்கையின் கம்பியில் மாட்டிவிட்டார். அர்ச்சுனன் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றான். கொடி விழுந்தபோது ஓரக்கண்ணில் பட்டது. தலைக்கவசம் இருக்கையில் இல்லை. ஒரு தலையின் உயரத்தில் இருந்தது.

முதல் சுற்றுகளில் அவன் எதையும் யோசிக்கவில்லை. முழங்கால் தட்டியது, வழிவிட்டான். முழங்கால் அழுத்தியது, பிரேக் போட்டான். கை எடுத்ததும் பாய்ந்தான். குன்றேறும்போது ஹாங்காங் சீமானின் வண்டியைத் தாண்டினான். ஊருக்குள் இறங்கும் வளைவில் ஷாங்காய்க்காரர் அகலமாகத் திரும்ப, உள்பக்கமாகப் புகுந்து அவரையும் தாண்டினான். அந்த இடத்தில் வேறு எந்த வண்டியும் தரையில் நின்றிருக்காது. இப்போது முன்னால் இத்தாலியின் சிவப்பு வண்டி மட்டும்தான். பெர்னார்ட் சடக்கோரத்தில் நின்று, ஒற்றைக் கண்ணில் நீர் வழிய, இரண்டு கையையும் ஆட்டியதை ஒரு கணம் பார்த்தான்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. ஜொகூர் மழை தூறிவிட்டு வருவதில்லை. கடலுக்கு மேல் வெள்ளைச் சுவராக நின்றது, மறு நிமிஷம் ஊரின் மேல் விழுந்தது. கடலும் ஏற்றத்தில் இருந்தது. சாக்கடைத் தண்ணீர் கடலுக்குள் இறங்க வழியில்லாமல் திரும்பி, கடலோரச் சடக்கின் தாழ்ந்த இடத்தில் குறுக்கே பரவியது.

அர்ச்சுனன் குன்றிலிருந்து இறங்கி அந்த நேர் சடக்குக்கு வந்தபோது தூரத்தில் அது தெரிந்தது. சாம்பல் நிறத்தில், சடக்கின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. சிவப்பு வண்டி அதற்குள் பாய்ந்து, இரண்டு பக்கமும் தண்ணீர் இறக்கை விரிக்க, வெளியேறிப் போயிற்று. கணுக்கால் ஆழம்கூட இருக்காது.

முழங்காலில் கை விழுந்தது.

அது முன்பு போல அழுத்தவில்லை, நடுங்கியது. பிறகு முழங்காலை விட்டுவிட்டு ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த அவன் மணிக்கட்டைப் பற்றியது. முதல் தடவையாக அர்ச்சுனன் குனிந்து பார்த்தான். தொளதொளவென்று நனைந்த காக்கிக் கோட்டின் கை. பித்தளைப் பொத்தான். விரல்களின் தோல் வெகுநாள் ஊறிய தோலாய் வெளுத்துச் சுருங்கியிருந்தது. மழையின் இரைச்சலுக்குள் காதருகே ஒரு குரல், மிகவும் பணிவான குரல், சொன்னது:

"வேணாம் துரை. தண்ணி ஏறுது துரை."

அர்ச்சுனனின் கால் ஆக்சிலரேட்டரிலேயே இருந்தது. 'ஒண்ணுமில்ல, கொஞ்சம் தண்ணிதான், போலாம்' என்று சொல்ல வாய் திறந்தான். சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அந்தக் கணத்தில்தான் அதை இதற்கு முன் யார் சொன்னது என்பது அவனுக்கு உறைத்தது. பக்கத்தில் இருந்தவன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது திரும்பாமலே தெரிந்தது. திட்டு விழப்போகிறது என்று காத்திருக்கிற ஆளின் மூச்சு அது.

அவன் பிரேக்கை மிதித்தான்.

வண்டி வழுக்கி, பாதி திரும்பி, தண்ணீரின் விளிம்பிலேயே நின்றது. இன்ஜின் அணைந்தது. ஷாங்காய்க்காரர் சீறிக்கொண்டு தாண்டிப் போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீருக்குள் இறங்கி, அந்தப் பக்கம் ஏறி, மழையில் மறைந்தார்கள். எந்த வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"நிப்பாட்டிட்டேண்ணே," என்றான் அர்ச்சுனன். "போக மாட்டேன். இது அந்த ஆறு இல்ல. இது ஜொகூர். நீங்க கரைக்கு வந்துட்டீங்க. எறங்குங்க."

மழை தகரத்தில் அடித்தது. மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. பிறகு அவன் உடம்புக்கு நன்றாகப் பழகிய அந்த அசைவு வந்தது. ஆள் ஒரு காலை வெளியே வைத்து, கதவைப் பிடித்து எழும்போது டாக்சி ஒரு பக்கம் குலுங்குமே, அதே குலுக்கல். வண்டியின் இடப்பக்கம் மெல்ல மேலே வந்தது. தலைக்கவசம் இருக்கையில் விழுந்து உருண்டது.

வண்டி மறுபடியும் கிளம்பவில்லை. ஆட்கள் வந்து ஓரம் தள்ளிவிட்டுப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் பெர்னார்ட் மழைக்குள் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஏண்டா நிப்பாட்டுன? ரெண்டாவது ஓடிக்கிட்டு இருந்தடா! இந்தத் தண்ணிக்கா? கோழிக்குஞ்சு நடந்து போகும்லா இதுல!"

"அவருக்குத் தெரியாதுண்ணே," என்றான் அர்ச்சுனன். "தண்ணின்னாலே அவருக்கு அதுதான். போன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

பெர்னார்ட் மேலே கத்தப் போனவர், இடது இருக்கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வண்டியைச் சுற்றிவந்து இடது பக்கத்தைக் கையால் அமுக்கினார். சாதாரண வண்டி மாதிரி அது இறங்கி ஏறியது. அவர் சடக்கோரக் கல்லில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா என்று அர்ச்சுனனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய் அவனும் உட்கார்ந்தான். மழை விடும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

பெர்னார்ட் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை அந்த வண்டியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் வேறொருவரை ஓட்ட வைத்துப் பார்த்தார். லாரி மாதிரிதான் ஓடியது, வளைவுக்கு வளைவு வெளியே தள்ளியது. திரும்பி வந்ததும் இன்ஜினைக் கழற்றி மரம் அறுக்கும் ஆலை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். பந்தயத்தைப் பற்றிப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. அதெல்லாம் பின்னால் நடந்தது.

பந்தயத்தன்று மாலையில், மழை ஓய்ந்து வெயில் அடித்து, சடக்கு காய்ந்த பிறகு, அர்ச்சுனன் வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தான். தம்போய் முச்சந்தியில் நிற்கும் மலாய்க்காரப் போலீஸ்காரர் அவனுக்குப் பழக்கம். அவர் கைதட்டிக் கூப்பிட்டார். உன்னோடு வண்டியில் வந்தானே அந்த ஆள், அவனுக்கு என்ன ஆயிற்று, ஏன் அப்படி நடந்தே போகிறான் என்று மலாயில் கேட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இந்த வழியாகத்தான் போனானாம். பழைய காலத்து டிரைவர் கோட்டு. சடக்கெல்லாம் காய்ந்து புழுதி பறக்கிறது, அவன் சட்டையிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்ததாம். மரியாதையாகச் சலாம் வைத்து, சிகாமட்டுக்கு இதுதானே வழி என்று கேட்டானாம். ரயிலில் போ, நடந்தால் நாள் கணக்காகும் என்று இவர் சொன்னதற்கு, பரவாயில்லை, நடக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

அர்ச்சுனன் வடக்கே போகிற சடக்கைப் பார்த்தான். வளைவு வரைக்கும் ஆள் நடமாட்டமே இல்லை. அன்று அவன் டாக்சி எடுக்கவில்லை. மறுநாள் காலையில் சிகாமட் ரயிலில் ஏறினான்.

தோட்டத்தை விசாரித்துக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வெள்ளையம்மா தொழிலாளர் வீட்டு வரிசையான புது லயத்தில், மேட்டின் மேல், வாசலில் உட்கார்ந்து ஒரு சின்னப் பெண்ணுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். நடுவயது, பால்மரம் வெட்டிக் கறுத்த கைகள். உள்ளேயிருந்து அவளுடைய புருஷன் எட்டிப் பார்த்தான். காளியப்பன் போய் ஆறேழு வருஷம் கழித்துக் கட்டிக்கொண்டவன், தோட்டத்தில் புல் வெட்டுகிறவன், பெயர் மணியம். அர்ச்சுனன் இதை எதிர்பார்க்கவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தான். அதற்குள் மணியம் பலகை போட்டு உட்காரச் சொல்லிவிட்டான்.

வந்த விஷயத்தை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், இன்ஜினிலிருந்து தொடங்கி முச்சந்தி வரை எல்லாவற்றையும் சொன்னான். கதையென்று சிரித்துவிடுவார்கள், அல்லது அடித்து விரட்டுவார்கள் என்றுதான் பயந்தான். இருவரும் அசையாமல் கேட்டார்கள். வெள்ளையம்மாவின் கையில் சீப்பு நின்றுபோயிருந்தது.

"நடந்தா வர்றாரு?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. அப்படித்தான் போலீஸ்காரர் சொன்னாரு."

"கால்ல செருப்பு இருந்துச்சாம்மா?" வெள்ளையம்மாவைப் பார்த்துச் சிறுமி கேட்டாள்.

வெள்ளையம்மா எழுந்து வாசல் ஓரம் வரை போய், கீழே ஆற்றுப் பக்கம் பார்த்தாள். அங்கே லாலான் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, காற்றில் படுத்து எழுந்துகொண்டிருந்தது.

"எங்க பழைய லயம் அங்கதான் இருந்துச்சு," என்றாள். "வெள்ளத்துல போயிருச்சு. அவரு அங்கதான் போவாரு. இங்க மேல கட்டுனது அவருக்கு எப்படித் தெரியும்?" வாசல் பக்கம் திரும்பினாள். "வந்தா நான் என்னா சொல்லுவேன் அவருகிட்ட? இவரையும் பிள்ளயையும் காட்டி என்னா சொல்லுவேன்?"

மணியம் உள்ளே போய்க் குடையை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தான்.

"நீ போய் நில்லு. யாருமே இல்லாத எடத்துக்கு வந்து அவரு நிக்கக்கூடாது. என்னா சொல்றதுன்னு அவரப் பார்த்தா வாயில வரும். பிள்ளய நான் பாத்துக்கறேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். குடையை வாங்கிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேட்டிலிருந்து இறங்கினாள்.

அர்ச்சுனன் சாயங்கால ரயிலில் திரும்பினான். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது சன்னல் வழியாகப் பார்த்தான். லாலான் காட்டுக்கு நடுவில், சாய்ந்த வெயிலில், விரித்த குடையோடு ஒரு பெண் தனியாக நின்றுகொண்டிருந்தாள். ரயிலின் பக்கம் அவள் திரும்பவில்லை. தெற்கிலிருந்து வருகிற சடக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.